வடக்கே தெரிகிற மலைக்கு என்ன பெயர்?

(திருத்தணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் படியேறிப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து வடக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தின நாள் மழையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நகரிப் பக்கத்து மலைகள் வரிசையாகத் தெரிந்தன. பூ விற்கிற அம்மா ஒருவரிடம், "அந்த மலைக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டேன். "நகரி மலைங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "அது ஆந்திரா மலை சார்" என்றார். அவர் வண்டியில் வந்த பள்ளிக்கூடத்துப் பையன் இரண்டு பேரையும் திருத்துகிற மாதிரி, "கிழக்குத் தொடர்ச்சி மலை" என்றான்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். அந்த அம்மா ஊரை வைத்துச் சொன்னார், ஆட்டோக்காரர் அரசாங்கத்தை வைத்துச் சொன்னார், பையன் பாடப்புத்தகத்தை வைத்துச் சொன்னான். மலை அதே இடத்தில்தான் இருக்கிறது. பார்க்கிறவர் நிற்கிற இடம் மாறினால் பெயர் மாறிவிடுகிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பையன் சொன்ன பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் இந்த மலைகளை 'காட்ஸ்' என்கிறார்கள். 'காட்' என்ற சொல்லுக்கு இந்திய மொழிகளில் படித்துறை, கணவாய், மலையேறும் பாதை என்றெல்லாம் பொருள். ஐரோப்பியர்கள் ஏறி இறங்கிய கணவாய்களின் பெயரை மலைத்தொடர் முழுவதற்கும் வைத்துவிட்டார்கள். வழியின் பெயர் மலையின் பெயராகிவிட்டது. ஆண்டின் நாள் கணக்குக்கு 365 படிகள் உள்ள ஊர் இது. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கப்படி டிசம்பர் 31 இரவில் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுகிறவர்கள் நீங்கள். உங்கள் மலையைச் சுற்றியுள்ள தொடருக்கு உலகப் படத்தில் 'படிகள்' என்று பொருள்படும் பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருத்தம்.

தமிழில் 'தொடர்ச்சி மலை' என்றோம். மேற்கில் அந்தச் சொல் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாயை விட்டால் அங்கே மலை ஏறக்குறைய அறுபடாமல் போகிறது. கிழக்கில் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை, காவிரி எல்லாம் மலையை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. அதனால் இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு: நல்லமலை, எர்ரமலை, வெலிகொண்டா, பாலகொண்டா, சேஷாசலம், நகரி, நாகலாபுரம், தெற்கே வந்தால் ஜவ்வாது. துண்டுகளாகக் கிடக்கிற இவற்றை ஒன்றாகப் பார்க்கிற பார்வை நிலவியல் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். ஆதிசேஷன் படுத்திருக்கிறான், படம் திருப்பதியில், உடல் அகோபிலத்தில், வால் ஸ்ரீசைலத்தில் என்று ஒரு கதை வழங்குகிறது. கிருஷ்ணைக் கரையிலிருந்து திருமலை வரைக்கும் வளைந்து கிடக்கிற மலைகளை ஒரே உயிராகக் கண்ட கதை அது. விமானத்திலிருந்து பார்க்காத காலத்தில் இதை எப்படிக் கண்டார்கள் என்று நான் வியக்காத நாள் இல்லை. நடந்து நடந்துதான் கண்டிருக்க வேண்டும்.

கடலிலிருந்து பார்த்தவர்களும் பெயர் வைத்தார்கள். நகரி மலையின் உயர்ந்த முகட்டை ஆங்கிலேயர் 'நகரி மூக்கு' என்றார்கள். 800 மீட்டருக்கு மேல் உயரம். சென்னைக்கு வரும் கப்பல்காரர்களுக்கு அது ஓர் அடையாளம். தாழ்ந்த மணற்கரையில் ஒன்றும் தெரியாதபோது, தூரத்தில் ஆகாயத்தை ஒட்டி மூக்கு மாதிரி ஒன்று தெரியும். அதைப் பார்த்துக் கப்பலைத் திருப்புவார்கள். அந்த மூக்கில் எந்தக் காலத்திலும் ஏறாதவர்கள் வைத்த பெயர் அது.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். ஆறுபடை வீடுகளில் திருத்தணியைக் 'குன்றுதோறாடல்' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். திருமுருகாற்றுப்படையில் அது ஓர் ஊரின் பெயராக வரவில்லை. எந்தெந்தக் குன்று உண்டோ அங்கெல்லாம் முருகன் விளையாடுகிறான் என்பதுதான் அதன் பொருள். எல்லாக் குன்றுக்கும் பொதுவாக இருந்த சொல், காலப்போக்கில் இந்த ஒரு குன்றின் மேல் வந்து உட்கார்ந்தது.  இதைத் தவறான அடையாளம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்கே அடுக்கடுக்காகக் குன்றுகள் தொடங்குகிற வாசலில் நிற்கிற மலை இது. எல்லாக் குன்றின் சார்பாகவும் ஒரு குன்று பெயர் தாங்கட்டும் என்றால், அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

'தணிகை' என்பதற்கு நீங்கள் சொல்லும் விளக்கம் எனக்குத் தெரியும். சூரனோடு செய்த செருவின் சினம் தணிந்த இடம், அதனால் செருத்தணி, பிறகு திருத்தணி. ஊரெல்லாம் சூரசம்காரம் நடக்கும் கந்தசஷ்டியில் இங்கே சம்காரம் கிடையாது, பூவால் அர்ச்சனைதான். ஒரு பெயர்க் காரணத்தை ஊரே சேர்ந்து வழிபாட்டில் காப்பாற்றி வருகிறது. அதோடு கல்லில் உள்ளதையும் சொல்லவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவன் அபராஜிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் இங்கே வீரட்டானேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தார். அங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அதை அரசனே பாடினான் என்று கல்வெட்டே குறிக்கிறது. அந்த வெண்பாவில் ஊரின் பெயர் 'திருத்தணியல்'. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு பெயர் இரண்டு எழுத்து தேய்ந்ததோடு நிலைத்து நிற்கிறது. 1977-இல் பக்கத்து வேலஞ்சேரியில் அபராஜிதனுடைய செப்பேடும் முதல் பராந்தகனுடைய செப்பேடும் கிடைத்தன. மண்ணுக்கு அடியில் இன்னும் என்னென்ன பெயர்கள் கிடக்கின்றனவோ.

வேங்கடத்தைப் பற்றிப் பேசாமல் திருத்தணியில் யாரும் பேச்சை முடிக்க முடியாது. தொல்காப்பியத்தின் பாயிரத்தில் பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். அந்த ஒரு குறிப்பின் மேல் இருபதாம் நூற்றாண்டில் ஓர் அரசியல் இயக்கமே எழுந்தது. ஆனால் பனம்பாரனாருடைய எல்லையை இன்றைய சோதனைச் சாவடி மாதிரி எண்ணிக்கொள்ளக் கூடாது. அகநானூற்றில் மாமூலனார் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். வேங்கடம் அவருக்கு ஒரு கோடு இல்லை. அது கள்வர் கோமான் புல்லி ஆண்ட நாடு. யானை திரிகிற காடு. யானைக்கொம்பைப் பண்டமாற்றுச் செய்கிற மக்கள் அங்கே இருக்கிறார்கள். பொருள் தேடப் போன தலைவன் அந்தக் காட்டைக் கடந்து வேற்றுமொழி வழங்கும் தேயத்துக்குப் போய்விட்டான் என்று தலைவி இங்கே இருந்து ஏங்குகிறாள். புறநானூற்றில் கள்ளில் ஆத்திரையனார் பாடிய ஆதனுங்கனும் வேங்கடத்துத் தலைவன்தான். எல்லை என்பது அவர்களுக்கு நாள்கணக்கில் நடந்து கடக்கவேண்டிய அகலம் உடைய ஒன்று. அந்த அகலத்துக்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள், அவர்களுக்குத் தலைவன் இருந்தான்.

பெயருக்குப் பொருள் என்ன? 'வேம்' என்றால் பாவம், 'கடம்' என்றால் எரிப்பது, பாவத்தை எரிக்கும் மலை என்பது தலபுராண விளக்கம். தமிழ்ப் புலவர்கள் வெம்மையான கடம், அதாவது வெயில் காய்கிற சுரம் என்று கொண்டார்கள். சங்கப் பாட்டில் வரும் வேங்கடத்தைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாவதுதான் மனத்துக்குப் பொருந்துகிறது. சித்திரை வெயிலில் புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நடந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

இப்போது இரண்டு மொழி கலந்த இடத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நல்லமலை' என்று கேட்டதும் தமிழ்க் காது மகிழ்ந்துபோகும். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. கறுப்பு மலை அது. எர்ரமலை செம்மலை. பாலகொண்டா பால்மலை. வெலிகொண்டா வெளிப்புற மலை. கடற்கரைச் சமவெளியைப் பார்த்து நிற்கிற கடைசி வரிசை அதுதான். நம்முடைய 'வெளி'யும் அந்த 'வெலி'யும் ஒரே வேர். குன்று என்கிறோம் நாம், கொண்டா என்கிறார்கள் அவர்கள். ஆறு என்றால் ஏறு. மடு என்றால் மடுகு. தலை என்றால் தல. சேஷாசலக் காட்டில் இருக்கிற தலகோனா அருவியின் பெயரில் பாதி தமிழனுக்குத் தானாகவே புரியும். மீதிப் பாதியான 'கோனா', மலை இடுக்கில் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. அந்தச் சொல்லை நாமும் எடுத்துக்கொண்டு 'கைலாசக்கோனை' என்று பேசுகிறோம்.

ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பொன்பாடி நம்முடைய கடைசி நிலையம். அதைத் தாண்டி நகரிப் பக்கம் வருகிற ஒரு நிலையத்தின் பெயர் ஏகாம்பரகுப்பம். ஆந்திரத்தில் இருக்கும் அந்தப் பெயரில் காஞ்சிபுரத்து ஏகாம்பரர் இருக்கிறார். இந்தப் பக்கம் உங்கள் ஊரை ஒட்டி கே.ஜி. கண்டிகை; அந்தப் பக்கம் புச்சிநாயுடு கண்ட்ரிக. கண்டிகையும் கண்ட்ரிகவும் ஒரே சொல்தான், உச்சரிப்பில் ஒரு ரகரம் கூடியிருக்கிறது. சத்தியவேடு மலைக்காட்டில் பழைய படங்கள் 'கம்பாக்கம் துர்க்கம்' என்று ஒரு மலையைக் காட்டும். செங்கல்பட்டுச் சீமையில் ஊருக்கு ஊர் இருக்கிற பாக்கம் அந்த மலைமேலும் ஏறியிருக்கிறது. திருமலையின் அடிவாரத்தில் அலிபிரி என்று ஓர் இடம், எல்லாருக்கும் தெரியும். அது 'அடிப்புளி' என்பதன் திரிபு என்று வைணவர்கள் சொல்வார்கள். அந்தப் புளியமரத்தடியில்தான் இராமானுசர் திருமலை நம்பியிடம் இராமாயணம் பாடம் கேட்டார் என்பது மரபு. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இதையெல்லாம் பட்டா காட்டி நிலம் கேட்கிற தோரணையில் நான் சொல்லவில்லை. இரண்டு மொழிக்காரர்கள் ஒரே காட்டில் விறகு பொறுக்கினார்கள், ஒரே மடுவில் மாடு கழுவினார்கள், ஒருவர் வைத்த பெயரை ஒருவர் தன் நாக்குக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டார்கள். பெயர்கள் அதற்குச் சாட்சி.

காய்ந்த மலைகளில் பெயர் எதை ஒட்டிப் பிறக்கிறது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். திருத்தணி மலைக்குப் புலவர்கள் கொடுத்த பெயர்களில் குவளையை ஒட்டியவை பல. நீலோற்பலம் பூத்த சுனையால் வந்த பெயர்கள் அவை. கிழக்கே பூண்டிப் பக்கம் ஒரு மலை, அல்லிக்குழி. அங்கேயும் ஒரு நீர்ப்பூ, ஒரு பள்ளம். தடா பக்கத்து அருவிக்காட்டுக்குப் பெயர் உப்பலமடுகு. சுனை, குழி, மடு, கோனை எல்லாம் தண்ணீர்தான். கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற மலையில் தாகத்தோடு அலைந்தவன் எதை நினைவில் வைத்துக்கொள்வான்? தண்ணீர் கிடைத்த இடத்தைத்தான்.

அந்தத் தண்ணீருக்கும் இதே கதைதான். நகரி மலைகளில் பிறக்கிற ஆற்றை மேலே குசஸ்தலி என்கிறார்கள், நாம் கொசஸ்தலை என்கிறோம், பழைய வழக்கில் கொற்றலை. கிருஷ்ணாபுரம் அணையில் மழைக்காலத்தில் மதகு திறந்தால் பள்ளிப்பட்டு வழியாக வெள்ளம் வரும் என்று உங்களுக்குத்தான் முதலில் தண்டோரா. அந்தத் தண்ணீர் 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரியில் சேர்ந்து, சென்னைக்காரர்களுக்குக் குடிநீராகி, மிச்சம் எண்ணூரில் கடலுக்குப் போகிறது. காளத்தியில் அதேபோல, தமிழில் பொன்முகலி, அங்கே சுவர்ணமுகி.

அல்லிக்குழியைச் சொன்னதால் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகரி மலைகளின் தலையில் செங்குத்தாகச் சுவர் மாதிரி நிற்கிறதே, அந்தக் கல்லுக்கு நிலவியலாளர் வைத்த பெயரே 'நகரி குவார்ட்சைட்' என்பதுதான். ஒரு காலத்தில் மணலாகப் படிந்து, இறுகி, கல்லானது. அதற்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். திருமலைக்குப் போகும் மலைப்பாதையில், அடியில் பழைய கருங்கல்லும் மேலே இந்தக் குவார்ட்சைட்டும் சந்திக்கிற கோடு வெளியே தெரிகிறது. அந்த ஒரு கோட்டுக்குள் பல கோடி ஆண்டுகளின் கணக்கு காணாமல் போயிருக்கிறது. இந்தக் குவார்ட்சைட் உருண்டு, கூழாங்கல்லாகி, டைனோசர் காலத்தில் அல்லிக்குழிப் பக்கம் வந்து படிந்தது. ஆதி மனிதன் அதைப் பொறுக்கிக் கைக்கோடரி செய்தான். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும் பிறகு கொசஸ்தலைக் கரையில் அத்திரம்பாக்கத்திலும் அவற்றைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது இருக்கலாம் என்று 2011-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலம் இந்தக் காட்டில் அலைந்தவர்கள் நல்ல கல் கிடைக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள்? ஏதாவது ஒரு சத்தம், ஒரு சைகை இருந்திருக்கும். இந்த மலைகளின் முதல் பெயர் அதுதான்.

எல்லைப் போராட்டத்துக்கு வருகிறேன். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழாரும், அவரோடு நின்ற ம.பொ. சிவஞானமும் எழுப்பிய கிளர்ச்சியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தாத்தாக்கள் அதில் இருந்தார்கள். பட்டாஸ்கர் நடுவராக வந்தார், 1959-இல் சட்டம் நிறைவேறியது, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பக்கம் சத்தியவேடு போனது. பட்டாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழி பேசுகிறவர் அதிகம் என்று பார்த்தார். ஊருக்கு அது நியாயமான வழி. ஆனால் காட்டில் கணக்கெடுக்க ஆள் இல்லையே. காட்டுக்குத் தாய்மொழி எது? அடிவாரத்துக் கிராமம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் மலையும் போனது. அதைக் குறையாக நான் சொல்லவில்லை, வேறு வழி இருந்திருக்கவும் முடியாது. அன்று எல்லாரும் வேங்கடம் என்ற ஒரு பெரிய பெயருக்காகப் பேசினார்கள். மலைக்குள்ளே இருந்த ஆயிரம் சின்னப் பெயர்களுக்காகப் பேச யாரும் இல்லை.

அந்தச் சின்னப் பெயர்களை நான் ஒருமுறை காதால் கேட்டேன். பள்ளிப்பட்டுக்கு மேலே ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். "இந்த மலைக்கு என்ன பேரு பெரியவரே?" என்றேன். "மலைக்கு என்ன சார் பேரு, மலைதான்" என்றார். பிறகு கையை நீட்டி ஒவ்வொரு பாறையாக, ஒவ்வொரு இடுக்காக, ஒவ்வொரு ஊற்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கரடி படுக்கிற பாறைக்கு ஒரு பெயர். ஆடிக்குப் பிறகும் வற்றாத ஊற்றுக்கு ஒரு பெயர். பாதி தமிழ், பாதி தெலுங்கு, சில எந்த மொழி என்றே எனக்குத் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் நாற்பதுக்கு மேல் இருக்கும். நான் நோட்டும் பேனாவும் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வந்து நினைவுபடுத்தி எழுதியபோது ஒன்பதுதான் தேறியது. மறு வருடம் போனேன், பெரியவர் இல்லை. அவர் மகன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். அவருக்கு அந்தப் பெயர்கள் தெரியவில்லை. மறந்துபோன அந்த முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

1802-இல் லாம்டன் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையின் வழியில் வந்த படங்கள் மிகப் பெரிய சாதனை. ஆனால் ரோமன் எழுத்தில் ழகரமும் றகரமும் நிற்கவில்லை. அல்லிக்குழி 'அல்லிக்குல்லி' ஆனது. அதற்கும் கீழே, ஆட்டுக்காரர் சொன்ன மட்டத்துப் பெயர்கள் படத்தில் ஏறவே இல்லை. அவை வெளியுலகத்துக்கு எப்போது தெரியவருகின்றன என்று சொல்கிறேன். இந்த மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்கிற மரம் செம்மரம், தெலுங்கில் எர்ரசந்தனம். 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன கூலித்தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தித்தாளில் அந்த இடங்களின் பெயர்கள் வந்தன. அதில் ஒன்று 'சச்சினோடு பண்ட'. பண்ட என்றால் பாறை. சச்சினோடு என்றால் செத்தவன். அந்தப் பாறைக்கு அந்தப் பெயர் முன்பே இருந்தது. எப்போதோ, யாரோ ஒருவர் அங்கே இறந்திருக்கிறார், காட்டுக்காரர்கள் அவரை அந்தப் பாறையில் நினைவு வைத்திருந்தார்கள். அன்று காலை வரைக்கும் அந்தப் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

நகரி மலையடிவாரத்தில் இருக்கிற இருளர், யானாதிக் குடும்பங்களிடம், ஆடு மாடு ஓட்டிப்போகிறவர்களிடம், ஈச்சமார் வெட்டப் போன பாட்டிகளிடம் இந்தப் பெயர்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள். இந்த அவையில் அப்படிப்பட்டவர்கள் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், வாசல் பக்கம் சில பெரியவர்களைப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் இருந்து பேசிவிட்டுப் போங்கள். தெலுங்கில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி. இந்த முறை நோட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.